‘தானாகப் பேசுவான்’ என்று காத்திருக்கலாமா?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் பெருஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. வைணவர்கள் போற்றும் 108 திருத்தலங்களில் ஒன்று. பிள்ளை வரம் வேண்டி வெளியூர்ப் பெண்கள் இன்றும் அந்தக் கோவிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வந்து பிறந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி அந்த ஊர்ப் பக்கம் நாம் கேட்ட ஒரு பேச்சுதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது.

பட்டு வியாபாரம் செய்யும் நம் சகோதரர் ஒருவர். காஞ்சிபுரத்துக்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. சேலை கொள்முதலுக்காகத் தறி வீடுகளுக்குப் போனபோது நம்மையும் அழைத்துப் போனார். ஒரு வீட்டில் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் மூன்று வயதுப் பையன், சுழலும் சக்கரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தாய் பெயர் சொல்லி நாலைந்து முறை கூப்பிட்டார். திரும்பவில்லை. காது கேட்காதோ என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஏதோ விளம்பரப் பாட்டு வந்தது, எழுந்து ஓடினான்! திரும்பி வந்தபோது ராட்டை நின்றிருந்தது. தாயின் கையைத் தூக்கி, ஒரு சாமானை எடுத்து வைப்பது போலச் சக்கரத்தின் மேல் வைத்தான். தாயின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் பாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, என் மகள் வீட்டுப் பேரனும் இதே மாதிரிதான். ரெண்டு வயசு நாலு மாசம். ஒன்றரை வயசில் ரெண்டு மூணு வார்த்தை சொன்னான். இப்ப அதுவும் இல்லை. கண்ணேறுன்னு ஓதிப் பார்த்தாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. அவன் அத்தா ரியாத்தில் இருக்கார். ‘நானும் நாலு வயசில்தான் பேசினேனாம், விடுங்க மாமா’ங்கிறார். யாரைப் போய்ப் பார்க்கிறதுன்னே தெரியலை.”

எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே! எந்த ஊரில் எந்த ஜரிகை என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர் அவர். விசா, டிக்கெட், சுங்கம் என்று எந்தச் சிக்கலுக்கும் ஆள் பிடிக்கத் தெரிந்தவர். சொந்தப் பேரன் பேசவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இது அவருடைய குறையா? ஊர் தோறும் ஜமாஅத் வைத்திருக்கும் நம் எல்லோருடைய குறையா?

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது என்ன என்று சொல்ல நாம் மருத்துவர்கள் அல்ல. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வந்த பேச்சு நின்றுபோவது போன்றவை ஆட்டிசத்தின் அடையாளங்களாக இருக்கக்கூடும். உடனே பரிசோதிக்க வேண்டியவை. தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும் மன இறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு பெயர். இந்தப் பெயர்களே ஆளைக் குழப்பிவிடுகின்றன. பிள்ளையின் மனம் இறுகிக் கிடப்பதாகவும், புற உலகம் அவனுக்குத் தெரியாது என்பதாகவும் அல்லவா நினைக்கத் தோன்றுகிறது? உண்மை அதுவல்ல. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு இது. சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் நமக்குப் படுவது போல அவனுக்குப் படுவதில்லை. சிலருக்குக் குக்கர் விசில் தாங்காது. சிலர் ஒரே சட்டையைத்தான் போடுவார்கள். பிறர் முகத்தைப் படிப்பதும், தன் மனதில் உள்ளதைப் பிறரிடம் சேர்ப்பதும் அவர்களுக்குத் தானாக வருவதில்லை. சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள், கணக்கில் புலிகளாகவும் இருப்பார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் துணை வேண்டும். உலக அளவில் 127 பேருக்கு ஒருவர் என்பது உலகச் சுகாதார அமைப்பு 2021-க்குச் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒரு பெரிய மஹல்லாவில் எத்தனை வீடுகள்? அந்த வீடுகள் ஏன் நம் கண்ணில் படவில்லை? விருந்துக்கும் கல்யாணத்துக்கும் அந்தப் பிள்ளையை அழைத்து வராமல் தாயார் வீட்டிலேயே தங்கிவிடுகிறார், அதனால்தான்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இதற்கு ஒரு தனிப் பெயரும் கவனமும் கிடைத்தன. படித்தவர்கள் நிறைந்த அந்த நாட்டிலும் பழி முதலில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? தாயின் தலையில்தான்! பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெரிய பெரிய நிபுணர்கள் எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதற்காக ஒரு புத்தகமே போட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அந்த வாதத்தை மறுத்து எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம் இருந்தது. இன்று அந்தப் பழி செத்துப்போன பழி. பிறவியில் வரும் மரபுக் கூறுகளே பெரும் காரணம் என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் நம் வீடுகளில்? ‘மருமகள் வந்த நேரம்’, ‘கர்ப்பத்தில் கண்டதைத் தின்றாள்’, ‘எந்நேரமும் போனில் பேசிக்கொண்டிருந்தாள்’ என்று அதே பழி வேறு வாயால் இன்றும் பேசப்படுகிறது. இதைக் காரணம் காட்டி மணவிலக்கு வரை போகும் வழக்குகள் ஜமாஅத்துக்கு வந்தால், நிர்வாகிகள் முதலில் இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

அடுத்த பழி தடுப்பூசி மீது. 1998-ல் இங்கிலாந்து மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியோடு ஆட்டிசத்தை அது முடிச்சுப் போட்டது. பிறகு விசாரணை நடந்து, 2010-ல் அந்தக் கட்டுரையை லான்செட் ஏடே திரும்பப் பெற்றது. அவர் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து ஆராய்ந்தும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் எத்தனை புரளிகள் பறந்தன! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் நம்மிலும் இருந்தார்கள். ஊசியை மறுத்தால் ஆட்டிசம் தடுக்கப்படாது; தட்டம்மைக்குத்தான் கதவு திறக்கும்.

மொழியின் மீதும் ஒரு பழி உண்டு. காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து நம் வீடுகள் பலவற்றில் உள்ளே உருது, வெளியே தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். ‘மூன்று மொழியில் பிள்ளை குழம்பிவிட்டது, ஒன்றை நிறுத்துங்கள், பேசிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. பாட்டியோடு பேசும் மொழியை நிறுத்தினால் பிள்ளைக்கு ஒரு ஆள் குறையும், அவ்வளவுதான். செல்போனும் அப்படியே. பொழுதெல்லாம் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் பேச்சுக்கான நேரம் திருடப்படுகிறது. அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ‘போனை நிறுத்திவிட்டோம், ஆறு மாதம் பார்ப்போம்’ என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுவது பெரிய தவறு.

எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதற்குத் தாய்மாருக்கே புரியும் கணக்குகள் உண்டு. ஒரு வயது ஆகியும் மழலைச் சத்தம் இல்லை, கையை ஆட்டுவது போன்ற சைகைகள் இல்லை. 16 மாதம் ஆகியும் ஒற்றை வார்த்தை வரவில்லை. இரண்டு வயதில் ‘பால் வேணும்’ என்பது போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை, காக்கையைப் பார்த்தால் விரல் நீட்டி ‘அதோ பார்’ என்று காட்டவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிட வேண்டும். வந்த பேச்சு எந்த வயதில் நின்றாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அத்தா தாமதமாகப் பேசியிருக்கலாம். அதில் பொய் இல்லை. ஆனால் தாமதமாகப் பேசிய அத்தா ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டினாரா, கூப்பிட்டால் சிரித்தாரா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேளாமையால் பேச்சு வராத பிள்ளையும் உண்டு. இரண்டுக்கும் வழி வேறு. பிறகு எங்கே போவது? ஒன்றிய அரசின் ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் என்ற திட்டம் 2013 முதல் நடக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வேலை எளிது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையை மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். செலவில்லை. ஆனால் நம் நடுத்தர வீடுகள் அங்கன்வாடியைச் சத்துமாவு வாங்கும் இடமாக மட்டுமே பார்க்கின்றன. பிள்ளை நேராக இங்கிலீஷ் நர்சரிக்குப் போய்விடுகிறது. அங்கே அந்தக் குழு வராது. அப்படியானால் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு இடம், நாட்டிலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று, நம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது! சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலை மையமும் அங்கே 2021-ல் தொடங்கப்பட்டது. பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். படகுத்துறைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதன் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதை எத்தனை பேர் அறிவோம்? மேற்கே போனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ‘நம்பிக்கை நிலையம்’. தாயும் பிள்ளையும் அங்கேயே தங்கிப் பயிற்சி பெறலாம்.

பயிற்சி என்றால் என்ன? மாத்திரை அல்ல. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து இன்று வரை இல்லை. பிள்ளை எதைப் பார்க்கிறானோ அதில் நாம் போய்ச் சேர்ந்துகொண்டு, ஒரு முறை அவன், ஒரு முறை நாம் என்று விளையாடி, சைகையையும் படத்தையும் சொல்லையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது. அந்தத் தறி வீட்டில் ராட்டையே போதும். சுற்று, நிறுத்து, பிள்ளை முகம் பார்க்கும் வரை காத்திரு, பிறகு சுற்று. இதைத் தாயே தினமும் செய்ய முடியும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. நிபுணர்கள் அல்லாத ஊழியர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தாய் தந்தையருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையோடு இணங்கிப் பழகுவது கூடியது. பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடி வருவதும் கூடியது. நிபுணர் பஞ்சமுள்ள நம் ஊர்களுக்கு இது பெரிய செய்தி அல்லவா? பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் நம் சகோதரிகள் இந்த வேலைக்கு வரலாமே!

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘ஸ்டெம் செல்’ ஊசி போட்டால் பிள்ளை பேசும் என்று லட்சக்கணக்கில் கறக்கும் கடைகள் இருக்கின்றன. வளைகுடாவில் உழைத்த பணம் இப்படித்தான் போகிறது. ஆட்டிசத்துக்கு அது சிகிச்சையல்ல. அதை எழுதிக் கொடுப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்க வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

இனி உரிமைப் பக்கம். 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்தவை ஏழே வகைகள். ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசம் அதில் ஒன்று. 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மருத்துவர்கள் மதிப்பெண் இடுவார்கள். சிறு பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றில் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பேச்சுப் பயிற்சிச் செலவும் அதில் அடக்கம். ‘என் பிள்ளைக்கு ஊனமுற்றோர் சான்றா? தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும்’ என்று அஞ்சி இவை அத்தனையையும் விட்டுவிடுகிறோம். வியாபாரிகளே, சொத்து இருந்தும் தனக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு, 18 வயதுக்குப் பின் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது. வாய்மொழியாக அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதை விட இது மேல்.

ஓதிப் பார்ப்பது பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் ‘ஜின் பிடித்திருக்கிறது’ என்று சொல்லிப் பிள்ளையை அடிப்பதும், புகை போடுவதும், தர்காவில் மாதக்கணக்கில் கிடத்துவதும் எந்த மார்க்கம்? 2001 ஆகஸ்ட் 6-ஐ மறந்துவிட்டோமா? ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள்! ஆட்டிசம் மனநோய் அல்ல; ஆயினும் புரியாததை எல்லாம் ஒரே சங்கிலியில் கட்டும் பழக்கம்தான் இரண்டிடத்திலும் வேலை செய்கிறது. அதே ஏர்வாடியில் பிறகு துஆவோடு மருந்தும் என்று தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத்மார்கள் நினைத்தால் அந்த ஏற்பாட்டை எல்லா ஊரிலும் செய்யலாம். ஓதி முடித்து, ‘நாளைக்கே காது டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் பத்து முறை சொல்வதை விட அந்த ஒரு சொல்லுக்கு எடை அதிகம்.

மதரஸா உஸ்தாதுகளும் கவனிக்க வேண்டும். ‘உன் பெயர் என்ன?’ என்றால் ‘உன் பெயர் என்ன?’ என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளை கேலி செய்யவில்லை. முகம் பார்க்காத பிள்ளை மரியாதை கெட்டவன் அல்ல. பிரம்பு அங்கே பாவம். ஜும்ஆவில் சத்தம் போட்ட பிள்ளையையும் அவன் அத்தாவையும் முறைத்து வெளியே அனுப்பும் பெரியவர்களே! கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லவும், தாம் இல்லாதபோது மதீனாவின் பொறுப்பைப் பார்க்கவும் நபி (ஸல்) அவர்கள் நியமித்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். 2007 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றபோது தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு கத்தார். நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் அதே கத்தார்தான்.

பாய் நேற்று போன் செய்தார். பேரனுக்குக் காது பரிசோதனை முடிந்துவிட்டது, காதில் குறையில்லை. அடுத்த வியாழன் முட்டுக்காடு போகிறார்கள். ரியாத்தில் இருக்கும் மருமகனிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்க மூன்று இரவு ஆனதாம். திருப்புட்குழித் தறிக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். அவருக்கு வர ஆசைதான். ஆனால் பாவு ஏற்றியிருக்கும் நேரத்தில் தறியை நிறுத்தினால் கூலி போகும் என்று தயங்கினாராம். அந்த நாள் கூலியைத் தானே கொடுத்துவிடுவதாகவும், வேனில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருப்பதாகவும் பாய் சொன்னார்.